கணினிப் பொதி வாராப் படலம்: பொன்மலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

சங்க இலக்கியத்தில் எறும்பு முதல் யானை வரை ஒன்று விடாமல் தேடி எண்ணிப் பட்டம் வாங்கி முடித்துவிட்ட தமிழ்கூறு நல்லுலகில், மொத்தமாகக் கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனைப் பற்றி முறையான ஆய்வு ஒன்றுகூட இல்லை என்பது வருந்தத்தக்கது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். (இப்படி ஒரு குறை இருப்பது எழுத உட்காரும்வரை எனக்கும் தெரியாது. ஆய்வுகள் இப்படித்தான் பிறக்கின்றன.)

ஒற்றை செல்போன் வாங்குகிறவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவருக்கு மறுநாளே வந்துவிடும். எனவே அவர் ஆய்வுக்குத் தகுதியற்றவர்.

ஆய்வுக்களம் திருச்சிப் பொன்மலை வட்டாரம். அதன் எல்லைகள்: வடக்கே கொள்ளிடம், கிழக்கே துவாக்குடி, தெற்கே பொன்மலைப்பட்டி, மேற்கே ஆய்வாளருக்கு வேலை இல்லை. முதன்மைச் சான்று, பொன்மலைப்பட்டியில் உள்ள ஒரு கணினிப் பயிற்சிக்கூடம். டெஸ்க்டாப்புகள், யு.பி.எஸ்., ஒரு சர்வர், அதை நிறுத்த ஆள் உயர ரேக் என்று ஒரே பர்ச்சேஸ் ஆர்டரில் கேட்ட இடம். அதன் பெயரை ஆய்வு நெறி கருதி மறைத்திருக்கிறேன். விற்ற கம்பெனியின் பெயரை வக்கீல் நெறி கருதி மறைத்திருக்கிறேன். எனக்கும் அவ்விடத்துக்கும் என்ன உறவு என்பதை, "நீங்கதானே சார் ஆர்டர் போட்டீங்க?" என்று அங்கே எல்லோரும் என்னைக் கேட்பதிலிருந்து வாசகர் உய்த்துணர்க.

மூலபாடம் டிராக்கிங் பக்கம். அதற்கு மூன்று பழைய உரைகள் கிடைக்கின்றன. வாட்ச்மேன் உரை பொழிப்புரை. நாலு சொல்லில் முடியும். லோடுமேன் உரை பதவுரை. ஒவ்வொரு பதத்துக்கும் தனிக் கூலி. ஆர்மரி கேட் பக்கத்து டீக்கடை உரை விருத்தியுரை. மூலத்தில் இல்லாததெல்லாம் அதில் உண்டு. மூன்றையும் ஒப்பிட்டே இவ்வாய்வு செல்கிறது.

பொதி வாராமையை ஐந்திணைக்குள் அடக்கிக் காட்டச் சொல்லி நண்பர் ஒருவர் வற்புறுத்தினார். காத்திருப்பதால் முல்லை, புலம்புவதால் நெய்தல், சண்டை போடுவதால் மருதம் என்று அரை மணி நேரத்தில் முடிகிற வேலைதான். ஆனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழ்களில் அந்த வேலை மும்முரமாக நடக்கிறது. அவர்கள் பிழைப்பில் கை வைக்க எனக்கு மனமில்லை.

வாராமை ஐவகைப்படும்: முழு வாராமை, பகுதி வருகை, பிறிது வருகை, அடுத்த வீட்டு வருகை, மின்வருகை. இவற்றுள் அடுத்த வீட்டு வருகை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வீட்டுக்காரர் நல்லவர். முழு வாராமையே இம்மண்ணின் தொல்வடிவம். அது பெரிது என்பதால் சற்றுப் பொறுத்துக் காண்போம்.

பகுதி வருகை

இந்தியாவின் முதல் கணினிகளில் ஒன்றான ஹெச்.இ.சி. 2எம் 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் பிரித்த நிலையில் பெட்டி பெட்டியாக வந்து, இங்கேதான் பூட்டப்பட்டது. ஆக, துண்டு துண்டாக வருவது நம் நாட்டில் கணினிக்குப் பிறவிக் குணம். அன்று எல்லாத் துண்டும் வந்தன என்பதே வேறுபாடு.

இன்றைய துண்டாட்டத்துக்குக் காரணம் எளிது. ஆர்டர் ஒன்று, கோடவுன் பல. மானிட்டர் ஒரு ஊரில் இருக்கிறது, சி.பி.யு. இன்னொரு ஊரில். பேட்டரி கனமும் ஆசிட்டும் என்பதால் தனி வண்டி கேட்கும். ரேக் இரும்புச் சாமான் என்பதால் லாரி சர்வீஸ். மௌஸ் பேடு இலவசம் என்பதால் கூரியர். இலவசம் முதலில் வரும். பயிற்சிக்கூடத்தில் முதலில் வந்து சேர்ந்தது மௌஸ் பேடு. மௌஸ் வரும்வரை பிள்ளைகள் அதில் டீ டம்ளரை வைத்துப் பழகினார்கள்.

இனி ஆட்கள். தயாரிக்கிறவர் டிஸ்ட்ரிபியூட்டரிடம் கொடுப்பார், அவர் டீலரிடம், டீலர் டிரான்ஸ்போர்ட்டிடம், டிரான்ஸ்போர்ட் தன் வட்டாரக் கிளையிடம், கிளை ஒரு குட்டி யானைக்காரரிடம். இந்த வரிசையில் யாரைக் கேட்டாலும் தமக்கு அடுத்தவரிடம் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டதற்கு ரசீது காட்டுவார். ஒருவர் பேச்சிலும் பொய் இல்லை. இதிலிருந்து இவ்வாய்வின் முதல் விதி பெறப்படுகிறது: ஆர்டரில் எண்ணிக்கை கூடக் கூட, 'நான்தான் பொறுப்பு' என்று சொல்லும் ஆட்களின் எண்ணிக்கை குறையும். ஒரு மௌஸ் வாங்கினால் கடைக்காரர் தம் கையால் எடுத்துக் கொடுக்கிறார். ஒரு லாரி அளவு வாங்கினால், திங்கட்கிழமை பேசியவர் வியாழக்கிழமை வேறு டிபார்ட்மெண்டில் இருக்கிறார்.

இந்தச் சரக்கோட்டத்தில் ஒரு கணமும் நில்லாமல் நகர்வது ஒன்று உண்டு. அது வாரண்டி. பெட்டி எங்கே கிடந்தாலும், பெரும்பாலும் இன்வாய்ஸ் தேதியிலேயே அது ஓடத் தொடங்கிவிடும். மூன்று ஆண்டு வாரண்டியின் முதல் மாதங்களைப் பல கணினிகள் தார்ப்பாய்க்கு அடியிலேயே கழித்துவிடுகின்றன. இளமை வீணாவதைப் பற்றித் தமிழில் பாடல்கள் நிறைய. இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிறிது வருகை

கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. இதில் தலைசிறந்த சான்று பொன்மலைப்பட்டியினது அன்று, இந்திய அரசினது. 1980களில் அமெரிக்காவிடம் க்ரே எக்ஸ்-எம்பி/24 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைக் கேட்டது இந்தியா. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் வைப்பதாக யோசனை. பேச்சு வார்த்தை இழுத்தது. கடைசியில் எக்ஸ்-எம்பி/14 தருகிறோம், பெங்களூருக்கு அல்ல, டெல்லியில் வானிலை பார்க்க மட்டும் என்றார்கள். பெயரில் முதல் இலக்கம் பிராசசர் எண்ணிக்கை. இரண்டு கேட்டால் ஒன்று. அதிலும் மழை வருமா என்பதைத் தவிர வேறெதுவும் அதனிடம் கேட்கக் கூடாது.

அந்த எரிச்சலில் 1988இல் சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு மையம் பிறந்தது. 1991இல் அதன் சூப்பர் கம்ப்யூட்டர் பரம் 8000 வந்தது. டெலிவரி சரியில்லை என்ற கோபத்தில் தானே ஒரு கம்ப்யூட்டரைச் செய்துகொண்ட வாடிக்கையாளர் இந்திய அரசு. அந்தக் கோபத்தின் வழித்தோன்றல் ஒன்று நம் களத்துக்குள்ளேயே நிற்கிறது: துவாக்குடி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைத்த 'பரம் பொருள்', வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். பொன்மலைப்பட்டிப் பயிற்சிக்கூடத்துக்கும் இதே கோபம் உண்டு. சி-டாக் தொடங்க இடவசதி இல்லை.

முழு வாராமை

இனி தொல்வடிவம். பொன்மலையைப் பார்ப்பவர்கள், பெரிய சரக்கு வந்து சேராது என்பதை முதலில் ஏற்கமாட்டார்கள். இந்த ஊரே வந்து இறங்கிய சரக்குதான். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனையைத் தென்னிந்திய ரயில்வே 1920களின் கடைசியில் இங்கே மாற்றிக் கொண்டுவந்தது. கன்டெய்னர் ஏற்றும் வேகன்களை இங்கே செய்திருக்கிறார்கள். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து அனுப்பியிருக்கிறார்கள். மீட்டர் கேஜ் எஞ்சின் இங்கிருக்கும் அகலப் பாதையில் தானாக ஓடிப் போகாது. இன்னொன்றின் முதுகில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். 'பாய்லர் இன்று, சக்கரம் அடுத்த வாரம், சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று மேட்டுப்பாளையத்துக்கு மெசேஜ் போனதாகத் தெரியவில்லை. எனவே பொருள் போய்ச் சேரும் என்பது பொன்மலைப் பள்ளியின் கொள்கை.

காவிரியைத் தாண்டினால் கொள்கை மாறும். பொருள் வழியில் நின்றுவிடும் என்பது ஸ்ரீரங்கப் பள்ளி. அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரத்தை எவரும் அசைக்க முடியாது, விபீடணனாலேயே முடியவில்லை.

தலபுராணம் யாவரும் அறிந்ததே. பட்டாபிஷேகம் முடிந்து ராமபிரான் ரங்க விமானத்தை விபீடணனிடம் கொடுக்கிறார். இதை ஆய்வு மொழியில் சொல்வோம். அனுப்புநர் முகவரி அயோத்தி. பெறுநர் முகவரி இலங்கை. பொதி ஒன்று. கையாளும் குறிப்பு: வழியில் கீழே வைக்கக் கூடாது. இன்றைக்கு அட்டைப் பெட்டியில் குடை, கண்ணாடிக் கிண்ணம், மேல்நோக்கிய அம்பு என்று அச்சடிக்கிறார்களே, அந்த மரபின் தொடக்கம் இங்கே. சரக்கு அயோத்தியிலிருந்து காவிரிக் கரை வரை பழுதில்லாமல் வருகிறது. கிட்டத்தட்ட வந்துவிட்டது. மிச்சம் இருப்பது கடலும் கொஞ்ச தூரமும். சந்தியாவந்தன நேரம், கையில் இருப்பதை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் கொடுக்கிறான். பையன் கீழே வைத்துவிடுகிறான். எடுக்க வரவில்லை. பையன் மலைமேல் ஓடுகிறான், விபீடணன் துரத்திப் போய் நெற்றியில் குட்டுகிறான், அது பிள்ளையார் என்று தெரிகிறது. உச்சிப்பிள்ளையார் நெற்றித் தழும்பை இன்றும் காட்டுகிறார்கள்.

பாடபேதம் உண்டு. ஸ்ரீரங்கத்து வைணவ மரபில் பையன் வருவதில்லை; தர்மவர்மச் சோழன் நாட்டில் விபீடணனே இறக்கி வைத்தான், திருவிழா முடிந்து எடுக்கப் போனால் அசையவில்லை என்பர். மலைக்கோட்டைக் கட்சிக்கும் ஸ்ரீரங்கக் கட்சிக்கும் நடுவே காவிரி ஓடுகிறது. பாலம் இருக்கிறது. பஸ் இருக்கிறது. ஆய்வாளர்கள் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை.

இரு பாடங்களையும் சேர்த்துப் பெறப்படும் உண்மைகள் நான்கு. ஒன்று, மலைக்கோட்டைப் பாடப்படி, அனுமதியில்லாத ஆளிடம் கைமாற்றியதே கேட்டுக்குக் காரணம். வாட்ச்மேன் உரையும் இதையே வற்புறுத்துகிறது ('என்கிட்ட ஏன் சார் கொடுத்தாங்க' எனத் தொடங்கும் பகுதி). இரண்டு, கடைசிக் கட்டத்தில்தான் சரக்கு நிற்கும். மூன்று, நின்ற இடத்துக்கு அதனால் பெருமை. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு மன வருத்தம். நான்காவதுதான் மிக முக்கியம். வருந்தி நின்ற விபீடணனிடம் பெருமாள், இங்கேயே இருந்தாலும் உன் இலங்கையைப் பார்த்தபடியே பள்ளிகொள்வேன் என்றாராம். தெற்கு நோக்கிய சயனத்துக்கு அதுவே காரணம். பொருள் வராது, ஆனால் அதன் திருப்பார்வை உங்கள் பக்கமே இருக்கும். கஸ்டமர் கேரில் இன்றுவரை நமக்குச் சொல்லப்படும் ஆறுதலின் மூல வடிவம் இது. அன்று சொன்னது பெருமாள் என்பதால் விபீடணன் ஏற்றுக்கொண்டான்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஒரு கோட்பாடு கிடைத்துவிட்டால் அதற்குள் எல்லாவற்றையும் திணித்துப் பார்க்காதவன் ஆய்வாளன் ஆக மாட்டான்.

2011இல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்ற ஜெயலலிதா முதலமைச்சரானார். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கொள்முதல் அரசு நிறுவனமான எல்காட். முதல் ஆண்டுக்கே ஒன்பது லட்சத்துக்கு மேல். தமிழ்நாடு அதுவரை கண்ட பெரிய கம்ப்யூட்டர் ஆர்டர்களில் ஒன்று. அடுத்த மாதமே தாய்லாந்தில் பெருவெள்ளம். பாங் பா-இன் தொழிற்பேட்டையில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் ஆலைக்குள் தண்ணீர். உலகமெங்கும் ஹார்ட் டிஸ்க்குக்குத் தட்டுப்பாடு, விலை ஏற்றம். பாங் பா-இன் எந்த மாகாணத்தில் இருக்கிறது? அயுத்தயாவில். அயோத்தியின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். அயோத்தியிலிருந்து புறப்பட வேண்டிய சரக்கு, ஸ்ரீரங்கத்தின் பெயர் சம்பந்தப்பட்ட ஆர்டர், நடுவில் ஒரு நதி! இதை எதேச்சை என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. (டீக்கடை உரை: 'அப்பவே பரிகாரம் பண்ணியிருக்கணும்.' மாஸ்டர் பாய்லரைத் துடைத்தபடி கூறியது; நானும் ஒரு பெரியவரும் கேட்டது; பெரியவர் மறுக்கிறார்.)

இன்னும் உண்டு. பயிற்சிக்கூடத்துப் பெட்டிகள் சில புறப்பட்ட இடம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கோடவுன். திருச்சிக்கு முன்னூறு கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி ஏற்றினால் காலையில் இறக்கலாம். டிராக்கிங்கில் பார்த்தால் பெட்டி பெங்களூரு ஹப்பில் இருக்கிறது. டிரைவருக்கு வழி தெரியவில்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர் ஸ்ரீரங்கம் வந்து, அங்கிருந்து மேல்கோட்டை போய், பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு மறுபடி ஸ்ரீரங்கம் திரும்பினார் என்பது மரபு. ஸ்ரீபெரும்புதூர்ச் சரக்கு கன்னட தேசம் போய்த்தான் காவிரிக் கரைக்கு வர வேண்டும் என்ற ஒழுங்கை அந்த ஹப்பில் யாரோ ஒரு பக்தர் விடாமல் காப்பாற்றி வருகிறார். பன்னிரண்டு ஆண்டு மட்டும் ஆகவில்லை. அதற்குள் நாம் போன் செய்துவிட்டோம்.

ஸ்ரீரங்கத்து உற்சவர் 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராக மறைந்திருந்து 1371இல் திரும்பிய கதையையும் இங்கே ஒப்பிட வேண்டும். நாற்பத்தெட்டு ஆண்டுகள். திரும்பி வந்தபோது அவர்தானா என்று தெரிந்து சொல்ல ஆளில்லை; வயதான வண்ணார் ஒருவர், திருமேனியில் பட்ட ஈரத் துணியின் மணத்தை வைத்து 'இவரே நம்பெருமாள்' என்று சொன்னதாகக் கோயிலொழுகு கூறும். ஓ.டி.பி. இல்லை, பார்கோடு இல்லை, சீரியல் நம்பர் இல்லை. கண் பார்வை மங்கிய ஒரு மனிதரின் நினைவு மட்டும். பின்னால் வரப்போகும் நம் டெலிவரித் தம்பி கேட்ட ஓ.டி.பி.க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் காலம் முன்னேறியது என்பது விவாதத்துக்குரியது.

மின்வருகை

பெட்டி வராமல், வந்துவிட்டது என்ற செய்தி மட்டும் வருவது மின்வருகை. ஒரு சாயங்காலம் செல்போனில் 'டெலிவர்டு' என்று பச்சை எழுத்தில் வந்தது. கூடவே ஆதாரமாக ஒரு படம்: நீலக் கேட், கேட்டுக்கு முன் ஒரு ஆடு. எங்கள் கேட் பச்சை. பெட்டி படத்தில் எங்கும் இல்லை.

காகிதங்கள் அப்பழுக்கற்றவை. இன்வாய்ஸ் இருக்கிறது. லாரி ரசீது இருக்கிறது. இ-வே பில் இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் தாண்டும் சரக்குக்கு அது கட்டாயம், இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள் குறித்திருக்கிறது அரசு. எங்கள் பெட்டியின் பில் ஆயுள் முடிந்து, நீட்டிக்கப்பட்டு, மறுபடி முடிந்தது. ஜாதகம் எழுதி முடித்தாயிற்று, பிள்ளை பிறக்கவில்லை என்ற நிலை.

டெலிவரி ரசீதில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் இருந்தது. அதைப் படிப்பதில் தொடங்கியது இவ்வட்டாரக் கல்வெட்டியலின் பொற்காலம். வாட்ச்மேன் அதை வெறும் கோடு என்றார். லோடுமேன், கோடு அல்ல, பேனா மை வருகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது என்றார் (லோடுமேன் உரை, பீடி பற்றவைக்கும் முன் பகுதி). இதை மறுத்த டீக்கடை உரைகாரர், முதல் எழுத்து கிரந்த 'ஷ' என்றும், நடுவில் இருப்பது டீக்கறை என்றும், ஆகவே கையெழுத்திட்டவர் டீ குடிக்கிறவர் என்றும், டீ குடிக்கிறவர் என்றால் தம் கடைக்கு வந்திருக்க வேண்டும் என்றும், தம் கடைக்கு வந்திருந்தால் கடன் நோட்டில் பெயர் இருக்கும் என்றும் நிறுவினார் (கடன் நோட்டு, மூன்றாம் புத்தகம், அட்டை கிழிந்தது, வடை பொட்டலத்துக்குப் போகாமல் தப்பிய தாள்கள், வலப்பக்க ஓரக்குறிப்பு, அதன்மேல் வாட்ச்மேன் வாய்மொழியாகச் சொன்ன மறுப்பு, மறுப்புக்கு லோடுமேன் தந்த ஆதரவு, பிற்பாடு பாக்கியைக் கேட்டதும் திரும்பப் பெற்றது). நோட்டில் பெயர் இருந்தது. எல்லோர் பெயரும் இருந்தது. என் பெயரும்.

தொல்லியல் தெரிந்த அறிஞர் ஒருவரிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தார். பிற்காலச் சோழர் என்றார். படிக்க முடியாத இடத்திலெல்லாம் சோழரைப் படிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருப்பதால் நான் வாதாடவில்லை.

தாமதத்துக்குத் தரப்படும் காரணங்களும் கல்வெட்டுப் போலவே அழியாதவை. காவிரிப் பாலத்தை 2022இல் பராமரிப்புக்காக மூடினார்கள், 2023இல் திறந்துவிட்டார்கள். 'பாலம் மூடியிருக்கு சார்' என்ற வாக்கியம் மட்டும் இன்னும் போக்குவரத்தில் இருக்கிறது. சென்னை லாரி பைபாஸில் வந்து பொன்மலையில் இறங்க அந்தப் பாலத்தைத் தொடவே வேண்டாம் என்பது வேறு. 2024 ஜனவரியில் ஜி கார்னர் மேம்பாலத்தின் தடுப்புச்சுவர் சரிந்தது நியாயமான காரணம். அதை யாரும் சொல்வதில்லை.

இரு நெறிகள்

பொதிக்காகக் காத்திருப்போர் என்ன செய்ய வேண்டும் என்பதில் ஸ்ரீரங்கத்துத் தத்துவ மரபே வழிகாட்டுகிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும்; பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் கவ்விக்கொண்டு போகும். இறைவன் அருளைப் பெற நம் முயற்சி வேண்டுமா, வேண்டாமா என்பதை விளக்க வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் சொல்வார்கள்.

வடகலை வாடிக்கையாளர் காலையில் டீலர், மதியம் டிரான்ஸ்போர்ட், மாலையில் எஸ்கலேஷன் மெயில் என்று விடாமல் பற்றித் தொங்குவார். தென்கலை வாடிக்கையாளர் ஆர்டர் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். இருவருக்கும் ஒரே நாளில்தான் வரும். வடகலையாருக்கு போன் பில் கூடுதல். எங்கள் பயிற்சிக்கூடத்தில் நான் வடகலை, கணக்கெழுதும் அம்மா தென்கலை. "வர்றப்ப வரும் சார்" என்பது அவர் சித்தாந்தம். அதை என்னால் இன்றுவரை கண்டிக்க முடியவில்லை.

களச்சான்று: ரேக் வந்த மாலை

குட்டி யானை ஒன்று விளக்கு வைக்கும் நேரத்தில் வந்து நின்றது. பின்னால் ரேக் படுத்திருந்தது. அட்டையில் மேலே பார்க்க வேண்டிய அம்பு, பொன்மலைப்பட்டிக் கடைவீதியைப் பார்த்திருந்தது. ஒரு மூலையில் அட்டை நசுங்கி, உள்ளிருந்து தெர்மாகோல் எட்டிப் பார்த்தது.

"சார், ஓ.டி.பி. சொல்லுங்க."

"இறக்குங்க தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஓ.டி.பி. அடிச்சாதான் சார் இறக்க முடியும்."

"பிரிச்சுப் பார்க்காம வாங்கிக்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"வாங்கிக்கிட்டேன்னு சொன்னாதான் சார் பிரிக்க முடியும்."

பானை மண்ணுக்குள் முன்பே இருக்கிறதா, செய்த பிறகுதான் உண்டாகிறதா என்று சாங்கியரும் நையாயிகரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டது இதையேதான். அவர்கள் வாதிட்டது மரத்தடியில். எங்களுக்குப் பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஓ.டி.பி.யைச் சொன்னேன். அடித்தார். செல்போனில் பச்சை எழுத்து வந்தது. பிறகு அவர் நிதானமாகச் சொன்னார்: "இறக்குறது எங்க வேலை இல்ல சார்."

லோடுமேன் அழைக்கப்பட்டார். ரேக்கைச் சுற்றி வந்தார். கட்டைவிரலால் அட்டையைத் தட்டினார். "இது பீரோ இல்ல சார். பீரோன்னா ஒரு ரேட்டு. உள்ள என்னன்னு தெரியாத சாமானுக்கு வேற ரேட்டு." உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு என்றேன். "வெறும் கூட்டுக்கா இவ்ளோ பணம் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, என் மேல் பரிதாபப்பட்டுப் பீரோ ரேட்டுக்கே சம்மதித்தார். நாலு பேர். சாக்கை மடித்துத் தோளில் போட்டு, 'ஏலே, தூக்கு' என்ற ஒரே குரலில் எழுப்பினார்கள். வாசல் நிலையில் ரேக் ஒரு விரற்கடை இடித்தது. நிலையை விடுவதா, ரேக்கை விடுவதா என்று ஒரு நிமிடம் பேச்சு நடந்தது. கதவைக் கழற்றினார்கள். அந்த நாலு பேர் தூக்கிய கணம்தான் இந்தச் சரக்கோட்டம் முழுவதிலும், 'இது என் பொறுப்பு' என்று யாராவது கையால் தொட்டுச் சொன்ன கணம். அவர்கள் பெயர் எந்த ரசீதிலும் இல்லை.

சர்வர் அதற்குப் பிறகு வந்தது. ரேக்கில் ஏற்றி, திருகு முடுக்கி, மின் இணைப்புக் கொடுக்கப் பார்த்தால், கூட வந்த கேபிளின் மறுமுனை எந்தச் சுவர்ப் பிளக்கிலும் நுழைகிற ஜாதி இல்லை. அது ரேக்குக்குள் பொருத்தும் மின் பகிர்வுப் பட்டைக்கானது, பி.டி.யு. என்பார்கள். பி.டி.யு. தனி வரி, தனி கோடவுன். டிராக்கிங்கில் பார்த்தேன். மேல்கோட்டைப் பக்கம்தான் எங்கோ இருந்தது.

சங்கிலியாண்டபுரத்திலிருந்து எலெக்ட்ரீஷியன் வந்தார். கேபிளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, முனையை வெட்டி மூணு பின் பிளக் மாட்டித் தருவதாகச் சொன்னார். பையிலிருந்து பிளையர் வெளியே வந்துவிட்டது. வெட்டினால் வாரண்டி போய்விடும் என்று பதறினேன்.

"அது போய்க்கிட்டேதான சார் இருக்கு" என்றார்.